தோடம்பழம் உரிச்ச கை

எங்கே போனாலும் முதலில் மூக்கை நீட்டிப் பார்க்கிற என் மச்சான் தவத்துக்கு,

உன் ஆண்டுத் திவசத்துக்கு அடிக்கிற நினைவு மலரில் என் தங்கச்சி ராணி எனக்கு அரைப் பக்கம் தந்தாள். "அண்ணை, நல்லவர் வல்லவர் எண்டு நாலு வரி எழுதினாக் காணும். உங்கட அமெரிக்கக் கதையள் வேண்டாம்" என்று முதலே சொல்லிவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் எழுதத் தொடங்கினால் அரைப் பக்கத்தில் நிற்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். மலர் அடிக்கிறவரோடு நானே கதைத்து மூன்று பக்கம் வாங்கிவிட்டேன். அந்த இடத்தில் தேவாரம் போட இருந்தார்களாம். தேவாரம் உனக்குப் பாடம்தானே, மச்சான். இது உனக்குப் பாடம் இல்லாத சங்கதி.

முதலில் ஊர்ப் புதினம். சுவிஸில், எங்கள் வின்டர்தூரில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் வீட்டுக் கட்டடத்துக்குப் புது உடுப்புத் தோய்க்கிற மெஷின் வந்திருக்கிறது. மேல்மாடிக் கிழவி இப்போதும் அதற்குள் அந்தக் கடும் வாசனைத் திரவத்தைத்தான் ஊற்றுகிறாள். கீழே, கெல்லர் என்கிற நிலவறையில், சாமான் வைக்கிற உன் மரக்கூட்டுக்குள் இருந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் அப்படியே கிடக்கின்றன. திறப்பை ராணி என்னிடம்தான் தந்திருக்கிறாள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்க வைனையும் சின்னச் சின்ன வடிசாலைகளில் கைப்பட வடிக்கிற பியரையும் பற்றித் தமிழில் கதைக்கக்கூடிய ஆள் சுவிஸில் நான் ஒருவன்தான். இருபது வருசத்துக்கு மேல் உணவகக் குசினியில் நின்ற நாக்கு இது. எங்கள் தலைமைச் சமையல்காரர் என்னைக் கேளாமல் சோஸுக்கு உப்புப் போட்டதில்லை. ஒறிகனில் வருசம் முழுக்க மழை என்றும், அதனால் அங்கத்தைய சிவப்பு வைன் குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருக்கிற மனிசனைப் போல மெலிசாகக் கதைக்கும் என்றும் கோயிலடியில் நான் சொன்னபோது எத்தனை பேர் வாய் பிளந்தார்கள். அங்கே திராட்சைத் தோட்டத்துக்குள் நான் நடந்த கதையையும் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். மேற்கே நான் ஆக எட்டிப் போனது இந்த நாட்டு லோசானில் நடந்த ஒரு கலியாண வீட்டுக்கு என்பது உனக்குத் தெரியும். ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை நீ.

அந்தப் போத்தல்கள் எல்லாம் உன் மகள் மயூரி கொண்டுவந்தவை. உணவுத் தொழில்நுட்பம் படித்த பிள்ளை, மிச்சிகனில் ஒரு சின்னப் பியர் வடிசாலையில் வேலைக்குப் போகிறேன் என்றாள். "பொம்பிளைப்பிள்ளை பியர் காய்ச்சப் போறதோ? நாலு சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டாய். அவள் போனாள். நீ இரண்டு வருசம் அவளோடு கதைக்கவில்லை. நடுவில் நின்று தூது போனவன் நான். என் தூதால்தான் நீங்கள் சேர்ந்தீர்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. உண்மையில் சேர்த்தது ஒரு போத்தல். ஒரு கோடை விடுமுறைக்கு வந்தவள், தான் வடித்த கலங்கல் பியரை உன் முன்னால் வைத்தாள். நீ கதிரையில் இருக்கவும் இல்லை. நின்றபடியே ஒரு மிடறு குடித்தாய்.

"கஞ்சித் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றாய். பிறகு இன்னொரு மிடறு. "ஆனா நல்லாக் கிடக்கு பிள்ளை."

மயூரி குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். அன்றுமுதல் வருசத்தில் இரண்டு தரம் அவளுடைய பெட்டிக்குள் குளிர்காலச் சொக்ஸ் சுற்றிய போத்தல்கள் வந்தன. தன்னுடைய பியர் மட்டும் இல்லை, அவள் போன ஊர்களின் வைனும் வந்தது. நியூயோர்க்குக்கு வடக்கே விரல் விரலாகப் பதினொரு ஏரிகள் கிடக்கிற இடத்து வெள்ளை வைன், மிசூரியில் நாவற்பழச் சாறு போல ஒரு கறுத்த வைன். கடவுள் கை ஊன்றி எழும்பின இடம்தான் அந்த ஏரிகள் என்று உனக்குச் சொன்னவன் நான். அப்படியென்றால் கடவுளுக்குப் பதினொரு விரலோ என்று மயூரி பிறகு என்னைக் கேட்டாள். கடவுளுக்கு எத்தனை கை என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் வைத்தியர் உன் ஈரலைப் பார்த்துவிட்டு, இனி ஒரு சொட்டும் கூடாது என்றார். நீ அன்றே நிற்பாட்டினாய். எவ்வளவு பிடிவாதம் உனக்கு. ஆனால் மயூரிக்கு மட்டும் சொல்லவில்லை. ராணியும் அவளுக்குச் சொல்லக்கூடாது என்று தடை.

"குடிக்கிறேல்லை எண்டு சொன்னா, அப்பா திரும்பவும் என்ர வேலைய வெறுக்கிறார் எண்டு நினைப்பாள் மச்சான். நீ குடி. என்ன ருசி எண்டு எனக்குச் சொல்லு. நான் அவளுக்குச் சொல்லுறன்."

அப்படித்தான் நான் உனக்கு நாக்கானேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்று நாள் குறித்தது நீ. ஞாயிறு இங்கே உடுப்புத் தோய்க்கக் கூடாது. மற்ற நாட்களில் கெல்லரில் இருந்தால் பக்கத்து அறையிலிருந்து அந்தக் கிழவியின் வாசனைத் திரவம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பாய். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தவன் நீ. ஒரு படுக்கை விரிப்பை மணந்து, இது எந்த வாட்டில் இருந்து வந்தது என்று சொல்கிற மூக்கு. நான் ஊற்றுவேன். நீ கிளாஸை வாங்கிக் கண்ணை மூடி மணந்துவிட்டு என்னிடம் தருவாய். நான் குடித்துவிட்டு அவிழ்த்துவிடுவேன். கறுவா, ஏலம், மழையில் நனைந்த குதிரைத் தோல். நீ அதைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, மயூரி எடுக்கும்போது வாசிப்பாய்.

ஒருநாள் அந்த ஏரிக்கரை வைனை மணந்துவிட்டு, "மண்ணெண்ணெய்" என்றாய்.

"உனக்கென்ன விசரோ? பிள்ளை கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்குது, மண்ணெண்ணெய் எண்டு சொல்லப் போறியோ?"

"மணக்குது மச்சான். லாம்பை ஊதி நூத்த உடனே வாற மணம்."

"மல்லிகைப்பூ எண்டு எழுது" என்றேன். நீ எழுதினாய். ஆனால் போனில் மண்ணெண்ணெய் என்றே சொல்லிவிட்டாய். மறுபக்கத்தில் மயூரி திரும்பவும் ஒருக்கால் சொல்லச் சொன்னாள். பிறகு, அந்தத் திராட்சையில் செய்த வைன் வயது போகப் போக அப்படித்தான் மணக்கும் என்றும், படித்தவர்களே அதைப் பிடிக்கக் கஷ்டப்படுவார்கள் என்றும் சொன்னாள். நீ போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கு அன்று தடிமன், மூக்கடைப்பு என்று சொன்னேன். எனக்குத் தடிமன் இல்லை, மச்சான்.

இனிச் சொல்லப்போவதுதான் இவ்வளவு பக்கமும் கேட்டு வாங்கியதற்குக் காரணம்.

கடைசியாக வந்தபோது மயூரி ஆறு போத்தல் பியர் வைத்துவிட்டுப் போனாள். மண்ணிறப் போத்தல். அச்சடித்த லேபிள் இல்லை, அவளுடைய கையெழுத்தில் உன் பெயர் மட்டும். "இது அப்பாக்கு. மாமாக்கு இல்லை" என்று பகிடியாகச் சொன்னாள். பகிடி என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அந்த ஞாயிறு முதலாவது போத்தலை உடைத்தேன். நீ மணந்தாய். வழமையைவிடக் கனநேரம் மணந்தாய்.

"தோடம்பழம் உரிச்ச கை" என்றாய். ஆரஞ்சுத் தோல் மணமாம். திரும்பவும் மணந்தாய். "ஆனா இதில சூடு இல்லை மச்சான். மற்றதுகளில மூக்குக்குள்ள ஒரு சூடு ஏறும். இதில அது இல்லை."

நான் ஒரு கிளாஸை முடித்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "குடியாத நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? எட்டு வீதத்துக்குக் குறையாது. எனக்கு இப்பவே தலை சுத்துது."

நீ கலண்டர்த் தாளில் எழுதினாய். எட்டு வீதம், தலை சுற்றும். மகளுக்கும் அதையே சொன்னாய். மூன்று ஞாயிறுகளில் நான் ஐந்து போத்தல் முடித்தேன். ஆறாவதை அடுத்த கிழமைக்கு வைத்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்டவன் பஸ் தரிப்பிட வாங்கில் இருந்தாய். பஸ் வந்தது. நீ எழும்பவில்லை.

உன் எட்டுச் செலவன்று படைக்க ஒரு போத்தல் வேண்டும் என்றார்கள். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்கிற எட்டாம் நாள்தானே. இறைச்சிக்கறி, மீன் பொரியல், வடை எல்லாம் தயார். போத்தலைத் தெரிவு செய்ய என்னை விட்டால் ஆர்? திறப்பை எடுத்துக்கொண்டு கெல்லருக்கு இறங்கினேன். மயூரியும் பின்னால் வந்தாள். நான் ஒறிகன் வைனை எடுத்தேன். அவள் அந்த ஆறாவது போத்தலை எடுத்தாள்.

"இது வைப்பம் மாமா."

"நல்லது பிள்ளை. கொப்பருக்கு நல்லாப் பிடிச்சது. ரெண்டு கிளாஸ் அடிச்சிட்டு ரெண்டு பேரும் படியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் மேல போனது."

மயூரி மூலையில் கிடந்த பைக்குள் இருந்த வெறும் போத்தல்களைப் பார்த்தாள். பிறகு உன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"மாமா, இதில அல்கஹோல் இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அம்மா எனக்கு எப்பவோ சொல்லிட்டா. அப்பான்ர ஈரல், வைத்தியர் சொன்னது எல்லாம். அப்பா எனக்கு மறைக்கிறார் எண்டும் சொன்னவ. நான் தெரிஞ்ச மாதிரிக் காட்டினா அவர் வெக்கப்படுவார். போனில ருசி சொல்லேக்க, எனக்காகக் களவாக் குடிக்கிறாரோ எண்டும் பயம். அதால சொல்லாமல் அவருக்கெண்டு செய்தனான். எத்தினை தரம் சரிவராமல் பிழைச்சது தெரியுமோ? ஒண்டும் சொல்லாமல் குடிக்கட்டும் எண்டு வச்சிட்டுப் போனனான்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா குடிச்சவரோ?"

மச்சான், என் வாயில் ஒரு பொய் ஆயத்தமாக இருந்தது. நல்ல வடிவான பொய். ஓம் பிள்ளை, கடைசி ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளாஸ் முழுக்கக் குடிச்சவர். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம்? ஒறிகனில் நடந்தவன் நான். ஆனால் அவள் இருந்தது உன் கதிரையில். அவளும் உன்னைப் போலவே மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"இல்லைப் பிள்ளை. அஞ்சையும் நான்தான் குடிச்சனான்."

அவள் பைக்குள் இருந்த வெறும் போத்தல்களை ஒருதரம் எண்ணினாள். பிறகு கேட்டாள்: "அப்ப உங்களுக்குத் தலை சுத்தினதோ?"

"சுத்தினது பிள்ளை. என்னெண்டு எண்டு எனக்கே தெரியாது."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டும் முடிந்த பிறகு, போனில் கேட்ட ஒவ்வொன்றாகச் சொல்லி, இது அப்பாவுடையதோ உங்களுடையதோ என்று கேட்டாள். கறுவா? என்னுடையது. குதிரைத் தோல்? என்னுடையது, நான் குதிரையைத் தொட்டதும் இல்லை. மண்ணெண்ணெய்? "அது கொப்பர்" என்றேன். இதுக்கு என்ன சொன்னவர் என்று போத்தலைக் காட்டினாள். தோடம்பழம் உரிச்ச கை என்று சொன்னேன். அவள் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

படையலில் அந்தப் பியரை உன் படத்துக்கு முன்னால் ஊற்றியது மயூரிதான். நுரை கிளாஸுக்கு மேலால் வழிந்தது. இறைச்சிக்கறி மணத்துக்குள்ளும் அந்த மணம் தனியாக வந்தது. முதல்முறையாக எனக்கும் பிடிபட்டது. தோடம்பழம்தான்.

இப்போது அந்தப் பியர் மிச்சிகனில் விற்பனைக்கு வந்துவிட்டது, தெரியுமோ? லேபிளுக்கு என்னிடம் ஒரு வசனம் கேட்டாள். நான் பதினாறு வரி எழுதி அனுப்பினேன். பதினாறையும் விட்டுவிட்டு, நீ சொன்ன மூன்று சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறாள். அங்கே உள்ள சனம் அதைச் சித்திரம் என்று நினைக்கிறதாம்.

ஆனால் ஒன்றை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கெல்லரிலும் இல்லை, இந்த ஒரு வருசத்திலும் இல்லை. "இதில சூடு இல்லை" என்று நீ சொன்னதை. நான் உன் வாயை அடைத்ததை. உன் மூக்கு மகள் செய்ததைக் கண்டுபிடித்துவிட்டது. நான் ஒரு நிமிசம் பெருமையை விட்டுவிட்டு, போனை நீட்டி, பிள்ளையைக் கேள் என்று சொல்லியிருந்தால், மற்ற ஐந்தும் உனக்குத்தான். அவளுடைய பியரை நீ அவளுக்காகவே குடித்திருப்பாய். அன்றைக்கு உனக்குச் சந்தேகம் இருந்ததோ, மச்சான்? இருந்தும் என் சொல்லை நம்பினாயோ? அல்லது கோயிலடியில் தலையாட்டியதைப் போல எனக்காகத் தலையாட்டினாயோ?

திவசத்துக்கு மயூரி வருகிறாள். மண்டபத்தில் எல்லோர் கையிலும் இந்த மலர் இருக்கும். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கறுவாவிலும் குதிரைத் தோலிலும் சிரிப்பாள். இந்த இடத்துக்கு வர நேரம் எடுக்கும். அதுவரைக்கும் நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். தேத்தண்ணி எடுக்கப்போகிறேன் என்று எழும்பமாட்டேன். அவள் தலையை நிமிர்த்திக் கேட்பதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொல்வேன், ஒன்றும் கூட்டாமல். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

திவசத்துக்கு அடுத்த நாள் ஞாயிறு. மெஷின் ஓடாது. இரண்டு கதிரையும் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் கொண்டுவருகிறதை அவளே முதலில் மணக்கட்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன், குடிக்கவும்தான்.

இப்படிக்கு,
உன் ராணியின் அண்ணன், உன் மயூரியின் மாமன்,
உனக்கு நாக்காக இருந்து உன் மூக்கை நம்பாமல் போன
மச்சான் யோகன்