தயவுபுரம் வளைவு

பாளையங்கோட்டை
4.6.2023

அன்புள்ள குமரகுருபரன்,

இங்கிருக்கும் வண்ணார்பேட்டைக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர். நேரில் வந்தால் நீரே பேசுவீர். நான் தலையாட்டிவிட்டுத் திரும்புவேன். அதனால் எழுதுகிறேன்.

திருச்செந்தூர் ரயில்பாதை நூற்றாண்டு மலருக்கு நான் எழுதிய வரலாற்றின் அச்சுப்படி கிடைத்தது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை என் எழுத்துதான். நாசரேத்துக்கு முன்னால், தயவுபுரம் வளைவில், அது இல்லை.

முதல் நில அளவையில் பாதை உம் தாத்தாவின் வாழைத்தோட்டம் வழியே நேராகப் போயிற்று. அவர் மேலிடத்தில் பேசிப் பாதையைத் தோட்டத்துக்கு வெளியே தள்ளினார். தள்ளிய இடம் தயவுபுரத்தாரின் கல்லறைத் தோட்டம். முடிந்தவர்கள் எலும்புகளை எடுத்துப் போனார்கள். மற்றவர்களின் மேல் மண் கொட்டித் தண்டவாளம் போட்டார்கள். அதனால்தான் அந்த ஊரார் ரயில் அங்கே போகும்போது இருக்கையை விட்டு எழுந்து நிற்கிறார்கள். இதைத்தான் எழுதினேன்.

உம் தாத்தாவைப் பற்றி அச்சில் இருப்பது: "நிலம் ஈந்த வள்ளலுக்கு மக்கள் இன்றும் எழுந்து நின்று நன்றி செலுத்துகின்றனர்."

என் பிழையோ என்று அளவைப் படத்தை மறுபடியும் பார்த்தேன். பிழையில்லை. பதிப்பாசிரியர் நீர். தயவுசெய்து மாற்றிவிடும்.

வீட்டில் சாலோமி உம்மையும் வேணித் தங்கச்சியையும் விசாரித்தாள்.

உம்
சாலமோன்


வண்ணார்பேட்டை
9.6.2023

என்ன வே சாலமோன்,

வகுப்புல பயலுவள அதட்டத் தெரியாத மனுசன் என்னை அதட்டுதீரா!

சின்ன வயசுல தாத்தா மடியில உக்காந்து அந்த ரயில்ல போயிருக்கேன் வே. வளைவு வந்ததும் பொட்டியே எந்திச்சு நின்னுது. பொம்பளையள்லாம் முந்தானையால தலைய மூடிக்கிட்டாவ. தாத்தா என் காதுல, "எல்லாம் நமக்குத்தாம்ல மரியாத"ன்னாரு. கண்ணால பாத்தவன் நான். நீரு படத்தப் பாத்துட்டுப் பேசுதீரு.

மலர் அச்சாயாச்சு. செத்தவங்க சும்மா கெடக்காவ, நீரு ஏன் வே தோண்டுதீரு? எங்க வீட்ல வேணி மட்டும், "சாலமோன் அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"ங்கா. அவ கெடக்கா. வெளியீட்டுக்கு வாரும். மேடையில உமக்குப் பொன்னாடை உண்டு.

குமரன்


பாளையங்கோட்டை
12.6.2023

குமரகுருபரன்,

எழுந்து நின்ற ஒருவரிடமாவது உம் தாத்தா ஏன் என்று கேட்டாரா? நீர் கேட்டீரா?

அந்தப் பெட்டியில், தயவுபுரத்தில் பிறந்த என் அம்மாவும் நின்றிருக்கலாம். காலராவில் போன அவளுடைய அக்காள் ரூத் அந்த மண்மேட்டுக்குள் கிடக்கிறாள். சிறுபிள்ளை. அம்மா முக்காடு போட்டது அந்தப் பிள்ளைக்கு. உம் தாத்தாவுக்கு அல்ல. அவர் தெரியாமல் சொல்லியிருப்பார் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. தோட்டத்தைக் காப்பாற்றியவருக்கு, பாதை எங்கே போயிற்று என்று தெரியாதா?

அந்தப் பக்கத்தை மாற்றும். இல்லையென்றால் என் பெயரை எடும். இரண்டும் நடக்காவிட்டால் மேடையில் நானே சொல்வேன்.

சாலமோன்


பாளையங்கோட்டை
28.6.2023

திரு. குமரகுருபரன் அவர்களுக்கு,

மேடையில் உங்களை அவமானப்படுத்திவிட்டேன், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அச்சகத்து ஜெய்சனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன்.

மைக்கைப் பிடித்ததும் முதல் வரியை இரண்டு முறை தப்பாகத் தொடங்கினேன், உண்மைதான். "உக்காரும் வே!" என்று முன்வரிசையில் உங்கள் மருமகன் கத்தினார். "சார், பைய பேசுங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பேசினேன். கல்லறைத் தோட்டத்தைச் சொன்னேன். ரூத்தின் பெயரைச் சொல்லும்போது நீங்கள் மைக்கைப் பிடுங்கி, "பெரியவருக்கு வயசாயிட்டு, பொறுத்துக்கோங்க" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. உங்களைவிட நான் ஒரு வயது இளையவன்.

இத்தனை ஆண்டுகளாக நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டியிருக்கிறேன். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தயவுபுரத்துக்குப் போய்வருகிறேன். யார் யார் அந்த மண்மேட்டின் கீழே இருக்கிறார்கள் என்று அங்குள்ள பெண்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அது என் பெயரில் தனியாக வரும். அதற்குப் பதிப்பாசிரியர் கிடையாது.

வேணித் தங்கச்சி எப்போதும்போல நம் வீட்டுக்கு வரலாம். சாலோமி எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள்.

நீங்கள் வர வேண்டாம்.

ஞா. சாலமோன்