துறையை விட்டு நகராத மிருகம்

மேடவாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள டேனியல் அண்ணாவுக்கு,

அபிகாயில் எழுதுவது. டொரண்டோவில் நீயும் அண்ணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அம்மா கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

அம்மா அப்படியேதான் இருக்கிறார்கள். வலது கை இன்னும் எழவில்லை, பேச்சும் திரும்பவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள். லிஃப்ட் கெட்டு மூன்று வாரம் ஆகிறது. நாலாவது மாடியிலிருந்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வழியில்லை. நான் கீழே இறங்குவதே பாலும் மருந்தும் வாங்கத்தான். பத்து நிமிஷத்தில் ஓடி வந்துவிட வேண்டும். மற்றபடி பால்கனியில் நின்று, தண்ணி லாரிகள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் என் நண்பர்கள் அக்தரும் ப்ரியாவும் வருகிறார்கள். நீ பெட்டியோடு விட்டுப்போன விளையாட்டை இப்போது நான்தான் நடத்துகிறேன். நான் கதை சொல்ல, அவர்கள் இருவரும் வீரர்களாகக் காட்டைக் கடந்து ஊர் போய்ச் சேர வேண்டும். வழியில் எந்த மிருகம் எதிர்ப்படும் என்பதை டைஸ் சொல்லும்.

முதலில் சொதப்பினேன். ஆறு மிருகங்களைப் பட்டியல் போட்டிருந்தேன். எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். "மறுபடியும் ஓநாயா? போர் அடிக்குதுடி" என்று ப்ரியா கொட்டாவி விட்டாள். பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக யோசித்தேன். வீரர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்த மிருகம் அங்கே ஏதோ ஒரு வேலையாக இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு பசியோ பயமோ வேண்டும். நேரில் பார்க்கும் முன் ஒரு கால்தடம், ஒரு வாடை. சண்டை போடாமலும் தப்பிக்க ஒரு வழி. அம்மா தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். அண்ணா, அந்த வாரம் நான் இந்த வீட்டிலேயே இல்லை.

நேற்று டைஸில் நாலு விழுந்தது. ஆற்றுத் துறையில் பாறை மாதிரி ஒரு மிருகம். பக்கத்தில் மீன் குவிந்து கிடக்கிறது, அது தின்னவில்லை. பாயவும் இல்லை, வழியும் விடவில்லை. அக்தர் கதையில் தன் வாளைக் கீழே வைத்துவிட்டு, ஏன் இங்கேயே நிற்கிறது என்று கேட்டான். குகைக்குள் அதன் தாய் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது, மீன் தாய்க்குத்தான் என்றேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சத்தியமாக. சொல்லும்போதுதான் அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அக்தர் சிரிக்கவில்லை. "அதுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா அபி?" என்றான். அதை நான் எழுதி வைக்கவில்லை. ஒரு அண்ணன் உண்டு, மலைக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் அம்மா கம்பியைத் தட்டினார்கள். டயப்பர் மாற்றிப் படுக்கவைத்துவிட்டு வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். "நாங்க ஊருக்குப் போகலைடி. மலையேறிப் போய் அந்த அண்ணனைப் பார்க்கப் போறோம்" என்றாள் ப்ரியா. அவர்கள் கிளம்பிய பிறகு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னும் நாலைந்து வாரத்தில் மலையேறி முடித்து அவர்கள் அந்த அண்ணன் மிருகத்தின் முன்னால் போய் நிற்பார்கள். அது என்ன சொல்லும் என்று நான் எழுத வேண்டும். பனிக்காலம் முடியட்டும் என்று எழுதினேன், அடித்தேன். ஆள் வைத்துக்கொள்ளச் சொல் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மூன்றாவதாக எழுதியதை உனக்குச் சொல்ல மாட்டேன்.

நீ என்னைவிட நன்றாக இதை நடத்துவாய். அதன் பதிலை நீயே எழுதி அனுப்பு அண்ணா. ஒரு வரி போதும்.

வழியெல்லாம் கர்த்தர் உன்னோடு வரட்டும்.

உன் தங்கை,
அபி