நாலு ‘அம்மா போன்’

வீட்டு எஜமானிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தையின் சளியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே, வாரத்துக்கொரு லாட்ஜ் அறையிலிருந்து ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. வகுப்பில் நாலு பிள்ளைகளுக்குத் திரையில் ‘அம்மா போன்’ என்றுதான் பெயர் வருகிறது. அவர்களில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, நெற்றி மட்டும் தெரிய, சுருதி விலகிப் பாடினாள். எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன்: “வீட்ல பாட்டு தெரிஞ்சவங்க இருந்தா பக்கத்துல உக்கார வச்சுப் பாடும்மா.”

“எங்கப்பாவே பாட்டு வாத்தியார்தான் சார். ஆனா வீட்ல இருக்க மாட்டார்.”

போனைத் தூக்கிப் பிடித்தாள். நம் மகள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

“வீட்டுக்குப் பேசினா அஞ்சு நிமிஷம், இங்கன்னா முக்கால் மணி நேரம் பேசுறீங்க” என்றாள். யார் சொல்லிக்கொடுத்ததோ, நீயாகத்தான் இருக்கும்.

இனிமேல் போனை எதன்மேலாவது சாய்த்து வை, முகம் முழுசாகத் தெரியட்டும். என் சுருதிப்பெட்டியைத் துடைத்து அவளிடம் கொடு.

வண்டி ஹாரன் அடிக்கிறது. நெட் சரியில்லை, அதனால்தான் குரல் அடையாளம் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

நெட் நன்றாகத்தான் இருந்தது.