முனியாண்டி வளைவில் ஆறு இருபது

புதன்கிழமை, 17 ஜூலை 2024
பீடோர் – தெலுக் இந்தான் சாலை

அன்புள்ள மருமகள் விவியனுக்கு,

கூச்சிங் மழையிலும் ஆண்டவர் உன்னைச் சளி காய்ச்சல் இல்லாமல் வைத்திருக்க வேண்டிக்கொண்டு மாமா பெரியநாயகம் எழுதுவது. இங்கே நான் சுகம். இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைக் கன்று பிடித்துக்கொண்டது.

கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போது மணி காலை ஒன்பது பத்து. ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக மகன் ரோய்ஸ்டன் செய்தி அனுப்பிவிட்டான். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ அதை அப்படியே அவனுக்குத் தள்ளிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்த பிறகு அவனைக் கூப்பிடு.

முதலில் வீட்டு விஷயம். நீங்கள் குடியிருக்கும் பீடோர் வீட்டின் சொந்தக்காரர் திங்கட்கிழமை என்னிடம் பேசினார். ஆகஸ்டு ஐந்தாம் தேதி நீங்கள் இரண்டு பேரும் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால் வீட்டை உங்களுக்கே விற்பதாகச் சொன்னார். ரோய்ஸ்டன் சரி என்று சொல்லிவிட்டானாம். கூச்சிங்கில் உன் பயிற்சி முடிந்து நீ வருவது இரண்டாம் தேதி. நடுவில் இரண்டு நாள்தான். அதற்குள் உங்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் உட்காரவைத்துப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்குமா என்று தெரியவில்லை. கடந்த ஒன்றரை வருடத்தில் அப்படி எத்தனை நாள் கிடைத்தது?

பீடோரைச் சொன்னது நான்தான். அது எனக்கு மறக்கவில்லை. கல்யாணம் முடிந்த மாதம், என் வீட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் வேலை தெலுக் இந்தானைத் தாண்டி செம்பனை எண்ணெய் ஆலையில். உன் வேலை ஈப்போவில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். தெலுக் இந்தானிலேயே வீடு எடுக்கலாம், நான் காடி ஓட்டிப் போய்வருகிறேன் என்று நீ சொன்னாய். அதெல்லாம் வேண்டாம், ஈப்போ குனோங் ராபாட்டில் மலையடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், உனக்குப் பத்து நிமிடம்தான் என்று அவன் சொன்னான். "எனக்குப் பரவால்லலா, ஒனக்குக் கிட்ட எடுப்போம்" என்று அவன். "இல்லங்க, ஒங்களுக்குக் கிட்ட" என்று நீ. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. விட்டுக்கொடுப்பதில் அப்படி ஒரு போட்டியை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகவும் இருந்தது.

நான் முப்பத்தோரு வருடம் ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். ஆளுக்கு இத்தனை மரம் என்று, யாரும் முணுமுணுக்காமல் பிரித்துக் கொடுத்த கை இது. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே விரலை வைத்து, பீடோர், ஆளுக்கு ஒரு மணி நேரம், சரிபாதி என்றேன். "அப்பா இன்னும் கிராணிதான்லா" என்று ரோய்ஸ்டன் சிரித்தான். நீயும் சிரித்தாய். அடுத்த வாரம் வீடு பிடித்துவிட்டீர்கள்.

மரத்தைப் பிரிப்பது வேறு, தூக்கத்தைப் பிரிப்பது வேறு. நான் அன்று அதை யோசிக்கவில்லை. நாலு மணிக்கு நீ எழுந்தால் அவனும் எழுகிறான். ஐந்தே காலுக்கு நீ வடக்கே போகிறாய், முக்கால் மணி நேரம் கழித்து அவன் மேற்கே போகிறான். இரவு எட்டரைக்கு வந்து யார் சோறு வைப்பது என்று மறுபடியும் விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒருவர் வேலைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஒருவராவது தூங்கியிருப்பார். இப்போது இரண்டு பேருக்கும் இல்லை.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

என் வீட்டுக்கு எதிரே சாலை திரும்பும் இடத்தில் முனியாண்டி கோயில் இருப்பது உனக்குத் தெரியும். அந்த வளைவில் எல்லா வண்டியும் ஹோன் அடித்துவிட்டுத்தான் போகும். நாம் மாதா கோயில்காரர்கள்தான். இருந்தாலும் ரோய்ஸ்டன் மோட்டார் சைக்கிள் ஓட்டின காலத்திலிருந்து அங்கே ஹோன் அடிக்கிறவன். இரண்டு சிறியது, ஒன்று நீளம். அது முனியாண்டிக்கு இல்லை, எனக்கு. ஆறு இருபதுக்கு அது கேட்டால் என் மகன் இன்று வேலைக்குப் போகிறான் என்று பொருள். நான் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவைப்பேன். பழைய பழக்கம்.

நீ கூச்சிங் போய்ப் பத்தாவது நாள், ஜூன் 19. ஆறு இருபத்திரண்டுக்கு ஹோன் கேட்டது. கோடு போட்டேன். தண்ணீர் கொதிப்பதற்குள் கருப்பம்மாள் கேட்டைத் தட்டினாள். அவள்தான் அந்தக் கோயிலில் காலையில் விளக்கு வைப்பவள். "கிராணிஐயா, ஒங்க மவன் காடி புல்லு மேல ஏறி, கட்டைய இடிச்சிட்டு, பெறகுதான் ரோட்டுக்கு வந்திச்சி. ஹோன் மட்டும் கரெக்டா அடிச்சாருலா" என்றாள்.

வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன். சக்கரத் தடம் புல்லில் பதினாறு அடி நீளம். கால்வாயின் விளிம்புக்கும் தடத்துக்கும் இடையில் என் செருப்பு ஒன்று அகலம். வளைவைக் காட்டும் சிவப்புப் பட்டைக் கட்டை அடியோடு சாய்ந்திருந்தது. பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ரோய்ஸ்டன் பூசைக்கு வந்தபோது காரின் இடப்பக்கம் பின்னால் பார்க்கும் கண்ணாடி புதிதாக இருந்தது. ஆலையில் நிறுத்தியிருந்தபோது லோரி உரசிவிட்டது என்றான். நான் அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, "விவியன்கிட்ட சொல்லிராதீங்கப்பா. பாதியில எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவா. ஒம்பது வருஷம் காத்திருந்து கெடச்ச பதவிலா அது" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை இப்போது மீறுகிறேன்.

அன்று இரவெல்லாம் ஒரே நினைப்பு. தோட்டத்தில் காலை ஐந்தரைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு உண்டு. பெயர் சொன்னதும் தூக்கத்திலேயே "வந்தேன்" என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். குரல் தெளிவாகத்தான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அந்தக் குரலை நம்பிக் கோடு போட்டு, ஒருவனைப் பால்வெட்ட அனுப்பினேன். கத்தி அவன் முழங்காலில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பெயர் கூப்பிட்டதும் முகத்தைப் பார்க்காமல் நான் கோடு போட்டதில்லை. அத்தனை வருடம் மற்றவர் பிள்ளைகளுக்குச் செய்ததை என் பிள்ளைக்குச் செய்யாமல், வீட்டுக்குள் உட்கார்ந்து ஹோனை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 24, திங்கட்கிழமை முதல் வளைவில் போய் நிற்கிறேன். விளக்குக் கம்பத்தின் கீழே, தாமான் குடியிருப்புக் காவல் குழு கொடுத்த மஞ்சள் பளபளப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பொட்டலம் கோப்பி ஓ, பால் இல்லாதது. ரோய்ஸ்டன் காரை ஓரம் கட்டுவான். கோப்பியைக் குடிப்பான். நான் முகத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம். கருப்பம்மாளுக்கு இது பெரிய வேடிக்கை. "வேதக்காரரு நம்ம முனியாண்டிக்குக் காவலுக்கு நிக்கிறாரு, சம்பளம் யாரு குடுக்கிறது?" என்பாள். ரோய்ஸ்டனும் அவளோடு சேர்ந்து சிரிப்பான். இரண்டு வாரம் இப்படிப் போனது. போன வாரம் அவன் சிரிக்கவில்லை. கோப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

நீ இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று வாரத்தில் மூன்று நாள் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்து உன்னோடு பேசி முடிக்கப் பன்னிரண்டு ஆகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவன் நாள் முழுவதும் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

நேற்று, செவ்வாய்க்கிழமை. மழை இல்லை, பனியும் இல்லை. ஆறு இருபத்து நாலுக்குக் கார் வந்தது. தூக்கம் வராமல் இருக்க இப்போதெல்லாம் அவன் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான். அதனால் முகம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. கண் திறந்திருந்தது. நேராக என்னைப் பார்த்தான். நான் கோப்பியை நீட்டினேன். இரண்டு சிறியது, ஒன்று நீளம், ஹோன் அடித்தான். கார் நிற்கவில்லை. வேகம் குறையவும் இல்லை. என்னைத் தாண்டி, நடுக்கோட்டின் மேலேயே வளைவில் திரும்பிப் போனது. எதிரே, தினமும் இந்த வழியில் போகும் சீனியின் செம்பனைப் பழ லோரி வந்துகொண்டிருந்தது. சீனி லோரியைப் புல்லில் இறக்கி, விடாமல் ஹோனை அழுத்தின பிறகுதான் கார் தன் பக்கத்துக்குப் போனது. சீனி இறங்கி வந்து, "அண்ணே, தம்பி தூங்குறாரா முழிச்சிருக்காரா?" என்று கேட்டான். 

சாயங்காலம் ரோய்ஸ்டன் கூப்பிட்டான். குரல் சாதாரணமாக இருந்தது. "ஏம்ப்பா, இன்னிக்குக் காலையில முனியாண்டிகிட்ட நிக்கல? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

நான் நின்றேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் தலைவலி என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதே. அவனுடைய குரலில் இருந்த அக்கறையைக் கேட்டபோது வாய் வரவில்லை. லோரியைப் பற்றியும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கிறான் என்று நினைத்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். அவனுக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்று காலை நின்றான். கோப்பியைக் குடித்தான். முகத்தைப் பார்த்தேன். பார்த்து என்ன? நேற்றும் அதே முகம்தான்.

விவியன், இன்னொன்றும் எனக்குத் தெரியும். அது உன் விஷயம். பெரிய வெள்ளிக்கிழமை என் சமையலறையில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டே நீ சொன்னது. ஈப்போ போகும் வழியில், கோப்பேங்குக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில், எஞ்சின் ஓட, அவசர விளக்கு மின்ன, காருக்குள் கண் விழித்தாய். எப்போது நிறுத்தினாய் என்று தெரியவில்லை. "நான்தான் நிறுத்துனேனா மாமா?" என்று என்னைக் கேட்டாய். அவரிடம் சொல்லாதீர்கள், வேலையை விடச் சொல்லுவார் என்று அழுதாய். அன்றைக்கும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. மீறவும் போவதில்லை. நீயே அவனிடம் சொல்ல வேண்டும். அவனுடையதை நான் உனக்குச் சொல்லிவிட்டேன். உன்னுடையதை நீ அவனுக்குச் சொன்னால் இரண்டும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

ஐந்தாம் தேதி கையெழுத்துப் போடாதீர்கள். தெலுக் இந்தானா, குனோங் ராபாட்டா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை சொன்னது போதும். எந்த ஊரானாலும் யாராவது ஒருவர் வேலையை மாற்ற வேண்டியிருக்கும். உன்னுடைய ஒன்பது வருடமும் எனக்குத் தெரியும், ஆலையில் அவனுக்கு இருக்கும் பெயரும் தெரியும். யார் என்று நீங்கள் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். இந்த ஒருமுறை விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். ஒரு வருடம் மனத்தாங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. நடு ஊர் மட்டும் வேண்டாம்.

அதுவரைக்கும் இரவில் பத்து மணிக்கு மேல் அவனோடு பேசாதே. கோபித்துக்கொண்டாலும் போனை வைத்துவிடு.

இந்தக் கடிதம் கூச்சிங் வந்து சேர மூன்று நாள் ஆகுமாம். தபால் நிலையத்தில் காலையிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். நடுவில் வியாழன், வெள்ளி, சனி, மூன்று காலை இருக்கிறது. நான் தவறாமல் நிற்பேன். விளக்குக் கம்பத்தின் கீழே நின்றால் அவனுக்குத் தெரியவில்லை என்று ஆகிவிட்டது. அதனால் நாளையிலிருந்து கம்பத்தை விட்டு இறங்கி, வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, சாலையிலேயே நிற்பதாக இருக்கிறேன். என் மகன் என்னைப் பார்த்தால் நிறுத்துவான். இதை அவனிடம் சொல்ல வேண்டாம்.

கடிதம் கிடைத்ததும் என்னைக் கூப்பிடு. காலை ஆறிலிருந்து ஆறரை வரை நான் போனை எடுக்கமாட்டேன், கையில் கோப்பி இருக்கும். ஏழு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பேன். எடுக்காவிட்டால் கருப்பம்மாளைக் கூப்பிடு. அவள் எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மாதா உன்னையும் அவனையும் ஒரே கூரையின் கீழ், விடியும்வரை தூங்கவைக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் நல்லதையே நினைக்கும்,
மாமா
பெரியநாயகம்