விபூதி போட்டுத் துடைத்த கண்ணாடி

ஆண்டிமடம்
26.7.2003

அன்புள்ள மாமாவுக்கு, மலர்கொடி வணங்கி எழுதுவது. இங்கே நான், மாடு, கொட்டகை மூவரும் சௌக்கியம். உங்களை நினைத்து நான் இளைத்துவிட்டதாக ஊர் பேசுகிறது. நம்பாதீர்கள், போன வாரம்தான் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தேன்.

நீங்கள் விட்டுப்போன சாணை மிஷினில் இப்போது நான்தான் ஊருக்கு அரிவாள் தீட்டுகிறேன். கண்ணில் பொறி தெறிக்காமல் இருக்க உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன். துபாய்க்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னீர்கள்: கொட்டகையில் வைக்காதே, இரும்புத்தூள் படியும், சோப்புத் தண்ணீரில் அலசு, ஈரத்தை ஒற்றி எடு, துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் மாட்டு என்று. எல்லாம் செய்தேன். கூடவே என் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டினேன். அரிக்கேன் விளக்குக் கண்ணாடியை விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமே, அப்படியே இதையும் தேய்த்தேன். இது பிளாஸ்டிக்காம். முழுக்கக் கீறி, பனி மூடிய மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பனிக்குள் நீங்கள் நிற்கிறீர்கள், மாமா. ஆணியில் தொங்கும் உங்கள் நீலச்சட்டைதான், தெரியும். ஆனாலும் மிஷினைப் போட்டதும் இடது பக்கம் ஓர் ஆள். முகம் மட்டும் இல்லை. ஒருநாள் என்னையறியாமல், "தள்ளி நில்லுங்க மாமா, பொறி பறக்குது" என்று சொல்லிவிட்டேன். வேலியோரம் நின்ற ஜானகி அக்கா கேட்டுவிட்டாள். எனக்குப் பேய் பிடித்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, செட்டிகுளம் முருகன் கோயில் விபூதி கொண்டுவந்து பூசினாள். விபூதியால் வந்த வினைக்கு விபூதியே மருந்து.

அங்கே உங்களோடு வேலை பார்க்கும் லெப்பைக்குடிகாடு நாசர் தம்பி லீவில் வந்து, நீங்கள் கொடுத்துவிட்ட பையைத் தந்தார். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காருக்கா" என்று டீ டம்ளரைப் பார்த்துச் சொன்னார். வேலையில் இடது கண்ணில் ஏதோ தூசி விழுந்ததாம், ஆஸ்பத்திரியில் இருந்தீர்களாம், இப்போது சரியாம். பையில் இருந்த போட்டோவில் நீங்கள் வலது பக்கம் மட்டும் தெரிய, பக்கவாட்டில் திரும்பி நிற்கிறீர்கள். கல்யாணப் போட்டோவில் கேமராவை முறைத்த மனிதர்.

அன்றிலிருந்து, சிரிக்கக் கூடாது, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வேலை செய்து பார்க்கிறேன். குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மாடு கறக்க முடிகிறது. கடைவீதிக்குப் போய்வர முடிகிறது. இடது பக்கம் வந்து இடிபட்டவர்கள்தான் திட்டினார்கள்.

அரியலூர் போய்ப் புதுக் கண்ணாடி இரண்டு வாங்கினேன், உங்களுக்கொன்று, எனக்கொன்று. உங்களுடையதை விபூதிக் கை எட்டாத உயரத்தில், பையோடு மாட்டியிருக்கிறேன். என்னுடையதில் பனி இல்லை. நீலச்சட்டையையும் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இன்று காலை மிஷினைப் போட்டேன். ஆள் அங்கேயே நிற்கிறது.

அடுத்த போட்டோவை நேராகப் பார்த்து எடுத்து அனுப்புங்கள். முடியாவிட்டால் போட்டோ வேண்டாம், நீங்களே வந்துவிடுங்கள். உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியவில்லையோ, அந்தப் பக்கம் நான் நடந்து வருகிறேன்.

வழிபார்த்திருக்கும்,
மலர்கொடி