‘மலைப்பனி’ என்ற ஃபோல்டர்

உன் மேசை இழுப்பறையை இன்று காலையில்தான் திறந்தேன். ஒரு போன் நம்பர் அகப்படுமா என்று தேடப் போனவளுக்கு, பாதி தீர்ந்த சிவப்பு நகப்பூச்சுக் குப்பிதான் அகப்பட்டது. மூடி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத் திருகினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாய். நகத்துக்கு நீ அதை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. அழிக்கக்கூடாத ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு வைப்பாய். “இத அழிச்சியோ, கைய ஒடிச்சிருவன்” என்பாய்.

நான் எதையும் அழிக்கவில்லை. அழித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நீ மறைத்து வைத்திருந்ததை, காட்டவே கூடாதவர்களுக்குக் காட்டிவிட்டேன். மூன்று பேர் அதற்காக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

எடிட்டிங் என்றால் பாட்டைப் போட்டுப் பூத்தூவுவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கல்யாண வீடியோவில் பாதி வேலை, யார் தெரியக்கூடாது என்பதுதான். பாலக்கோட்டில் நாம் இருவரும் சேர்ந்து எடிட் செய்த எந்தக் கல்யாணத்திலும் அந்தப் பட்டியல் இல்லாமல் இருந்ததில்லை. மெமரி கார்டைக் கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். பங்காளி வந்திருக்கிறார், பேச்சுவார்த்தை கிடையாது, வெட்டிவிடுங்க. அத்தை வூட்டுக்காரர் போன மாசம் தவறிட்டார், தாலி கட்டறப்ப அவங்க முகம் வரவேண்டாங்க. நீ தலையாட்டிக்கொண்டே அந்தக் கிளிப்புகளுக்குச் சிவப்பு லேபிள் போடுவாய். பக்கத்தில் ‘குறிப்பு’ என்று நீயே சேர்த்துக்கொண்ட ஒரு கட்டம். ‘பச்சைச் சட்டை மாமா, மப்பு, கட்.’ ‘பொண்ணு அழுவுது. பிரியறதுக்கு இல்ல, வேற எதுக்கோ.’ இரண்டாவதைப் படித்துவிட்டு அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

“நீ எடிட்டரா, ரேஷன் கடை கிளார்க்கா?” என்று உன்னைச் சீண்டுவேன். என் கோபத்துக்காக நீ எனக்கு வைத்த பேர் மொளகா. “ஏ மொளகா, படம் லட்சம் இருக்கும். எது என்னான்னு எழுதலன்னா எல்லாம் குப்பதான்” என்பாய்.

மாரண்டஹள்ளித் தக்காளி மண்டிக்காரர் வீட்டுக் கதையை நீ எனக்கு அரைகுறையாகத்தான் சொன்னாய். அவருக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். பெரியவள் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பையனோடு போய்விட்டாள். பையன் உங்கள் பாப்பாரப்பட்டிக்காரன், உங்கள் சர்ச்சுக்கு வருகிறவன், வேற ஆளுங்க. நம் பக்கத்தில் ‘வேற ஆளுங்க’ என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவள் அண்ணன் ஓசூர், பெங்களூரு என்று ஒரு வருஷம் வண்டியில் அலைந்தான். கிடைத்தால் ரெண்டு பேரையும் விடமாட்டேன் என்று டீக்கடையில் வைத்தே சொன்னான். அவர்கள் வத்தல்மலை மேல் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்துகொண்டு இருந்தது உனக்குத் தெரியும். சர்ச்சில் மோதிரம் மாற்றியதை எடுத்தது நீதான். பிறகும் வருஷத்துக்கு இரண்டு முறை மலையேறிப் போய் உன் போனில் எடுத்து வந்தாய்.

“எதுக்குடி உனக்கு இந்த வம்பு?” என்று கத்தினேன்.

“அவ கேக்கறாடி. என்னிக்காச்சும் ஒரு நாள் அவங்கம்மாளுக்குக் காட்டணுமாம். வூட்ல யாரும் பாக்கலன்னாலும், நடந்ததுக்கு ஒரு சாட்சி வேணாமா?”

அதை ஸ்டுடியோ டிஸ்க்கில் ‘மலைப்பனி’ என்ற ஃபோல்டரில் போட்டாய். ஜோடிப் பாட்டுக்கு இடையில் ஒட்டுவதற்கு மலை, பனி, அருவி என்று எல்லா ஸ்டுடியோவிலும் ஸ்டாக் இருக்கும், ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். பனி 1, பனி 2 என்று இருபத்து மூன்று கிளிப். எல்லாம் சிவப்பு. “தொடாத. யாராச்சும் கேட்டா ஸ்டாக்குன்னு சொல்லு” என்றாய். அவர்கள் நம்பர் என்ன என்று கேட்டேன். “குறிப்புல இருக்குது, வேணும்னா பாத்துக்க” என்றாய். நான் பார்க்கவில்லை. நீ இருக்கும்போது எனக்கு எதற்கு நம்பர்?

ஒரு வியாழக்கிழமை தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினாய். நாலே நாள் காய்ச்சல். திங்கட்கிழமை உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

“சீசன் முடியாம எதையும் அப்டேட் பண்ணாத. பண்றதுக்கு முன்னாடி ப்ராஜெக்டக் காப்பி எடுத்துப் பழசப் பூட்டி வை.” இதை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! உன் குரலிலேயே நடித்துக் காட்டி முதலாளியைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த வைகாசியில் அவர் புதுக் கேமரா வாங்கினார். அதன் கிளிப்புகளை எடிட்டிங் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன் படிக்க மறுத்தது. ஏழு கல்யாணம் நிற்கிறது. “ஏம்மா, இன்னும் எத்தன நாளைக்குப் பழசையே ஓட்டறது?” என்று அவர் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்டேட்டை அமுக்கினேன். பழைய ப்ராஜெக்டுகளைப் புதிய முறைக்கு மாற்றவா என்று கேட்டது. சரி. எல்லா டிஸ்க்கிலும் உள்ள படங்களை அலசி வகைப்படுத்தவா? சரி. கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது உன் சிவப்பெல்லாம் ஊதாவாக மாறியிருந்தது. சாதாரணக் கிளிப்புகளும் அதே ஊதாவில் இருந்தன. ‘குறிப்பு’ கட்டத்தைக் காணோம். எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று அரை நாள் நோண்டினேன். நீ சொந்தமாகச் சேர்த்த கட்டம் என்பதால் புதிய வெர்ஷன் அதைக் கூட்டி வரவே இல்லை. அதற்குப் பதிலாக ‘முகங்கள்’, ‘இடங்கள்’ என்று இரண்டு புதிய பக்கங்கள். எல்லா டிஸ்க்கையும் துழாவி, ஆள் ஆளாகப் பிரித்து, வட்டம் வட்டமாக முகங்களை அடுக்கி வைத்திருந்தது. ஒரு முகத்தைத் தொட்டால் அந்த ஆள் இருக்கும் கிளிப் எல்லாம் வந்து விழும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மலைப்பனி என் நினைவுக்கே வரவில்லை.

அடுத்த வாரம் மண்டிக்காரரும் மகனும் வந்தார்கள். சின்னவள் கல்யாணம் முடிந்திருந்தது, நல்ல ஷாட்டுகளைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார்கள். எனக்குப் பீற்றிக்கொள்ள ஆள் கிடைத்தது.

“ஐயா, இப்பப் புதுசா வந்திருக்குதுங்க. பாப்பா முகத்தத் தொட்டாப் போதும், பாப்பா இருக்கற எல்லாமே வந்துரும், பாருங்க.”

தொட்டேன். திரை நிறைந்தது. நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன். கீழே இறக்கிக்கொண்டே போனேன். நடுவில் பனி. காப்பிச் செடி. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி சிரிக்கிறாள்.

அக்காவையும் தங்கையையும் மிஷின் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டிருந்தது. அதே நெற்றி, அதே பல்வரிசை. அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

“அப்பா, இது அவ” என்று மகன் எழுந்து நின்றான்.

“உக்கார்றா” என்றார் பெரியவர். என் பக்கம் திரும்பி, “கண்ணு, அதப் போடு” என்றார்.

“அது வேற பார்ட்டிங்க ஐயா, சும்மா ஸ்டாக்குங்க.” நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் குனிந்து தன் கையாலேயே மவுசை அமுக்கினார். பதினோரு விநாடிக் கிளிப் அது. குழந்தை கேமராவைப் பிடிக்க வருகிறது. “அத்தைக்கு டாட்டா சொல்லு” என்கிறாள் பெரியவள். அந்த அத்தை நீ. அவர் நாலு முறை பார்த்தார். படத்துக்குக் கீழே சின்ன வரைபடம், அதில் ஒரு புள்ளி, மலை மேல் அந்த ஊரின் பெயர். உன் போன் எடுத்த இடத்தையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது. பழைய வெர்ஷனில் அது தெரியாததால் உனக்கும் தெரியாது. மகன் தன் போனால் திரையைப் படம் எடுத்துக்கொண்டான்.

பெரியவர் சத்தம் போடவில்லை. கோபமா, ஏக்கமா, அந்த முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு இப்ப எத்தன வயசிருக்கும் கண்ணு?”

“தெரியாதுங்க ஐயா” என்றேன்.

கார் கிளம்பியதும் போனைக் கையில் எடுத்தேன். சொல்லி எச்சரிக்க நம்பர் இல்லை. அவர்கள் முகம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கூப்பிட வழி மட்டும் இல்லை. அப்போதுதான் உன் லேப்டாப் நினைவுக்கு வந்தது. அடுத்த பஸ்ஸில் பாப்பாரப்பட்டிக்கு ஓடினேன். “அவ பொட்டிய நான் தொடவே இல்ல, வச்ச எடத்துலயே இருக்குது” என்று உன் அம்மா எடுத்துக் கொடுத்தார். அதில் நெட் போட்டதே கிடையாது என்பதால் பழைய வெர்ஷன் அப்படியே இருந்தது. நீ பூட்டி வைத்த ப்ராஜெக்ட் காப்பியைத் திறந்தேன். டிஸ்க் இங்கே இல்லாததால் படம் ஒன்றுகூட வரவில்லை, எல்லாம் கறுப்புக் கட்டம். ஆனால் லேபிள் சிவப்பாகவே இருந்தது. குறிப்புகள் வரிவரியாக இருந்தன. ‘பனி 4. வளைகாப்பு. வளையல் நான் வாங்கினது.’ ‘பனி 9. மொதப் பல்லு.’ ‘பனி 16. அம்மாள நெனச்சு அழுதா, எடுக்கல.’ பனி 1-க்கு எதிரில் நம்பர். நான் அழுததைப் பார்த்து, “உள்ள அவ போட்டோ இருக்குதா கண்ணு?” என்று உன் அம்மா எட்டிப் பார்த்தார். “இல்லீங்கம்மா, அவ எழுதுனதுதான் இருக்குது” என்றேன்.

உன் வீட்டு வாசலில் நின்றே போன் போட்டேன். பெரியவள்தான் எடுத்தாள். நான் யாரென்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அக்கா ஏன் ரெண்டு வருசமா போன எடுக்கறதே இல்ல? எங்க மேல கோவமா?”

இரண்டு சேதி சொல்ல வேண்டியிருந்தது. அப்பா பார்த்துவிட்டதை முதலில் சொன்னேன், நீ போய்விட்டதைப் பிறகு. “அக்காவா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

“அப்பா என்ன சொன்னாருக்கா?”

“புள்ளைக்கு எத்தன வயசுன்னு கேட்டாரு.”

“அண்ணன்?”

“போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருக்குது.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் அண்ணன்காரன் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றான். “மேல வூடு பூட்டிக் கெடக்குது. யாரு சொன்னது? யாரு எடுத்தது அந்தப் படம்?” என்றான். என் வீராப்பெல்லாம் எங்கே போனதோ! “எடுத்தவ செத்துட்டா, போய் அவளக் கேளு” என்று உன் பேரைச் சொல்லி உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உயிரோடு இருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாய் என்று சொல்லிக்கொள்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

அன்றே மலைப்பனியை ஸ்டுடியோ டிஸ்க்கிலிருந்து எடுத்து வேறொன்றில் போட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்ததும் பெரியவள் புது நம்பரிலிருந்து கூப்பிடுவாள். “நல்லாருக்கறம்க்கா.” அவ்வளவுதான். நான் கூப்பிடக்கூடாது என்று பேச்சு. அந்த நம்பரைப் போனில் சேமிக்கவில்லை, காகிதத்திலும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் வந்த அழைப்பை அழித்துவிட்டு, பஸ்ஸில் ஜெபம் மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். இனி எந்த மிஷினையும் நம்புவதாக இல்லை.

நேற்று ஞாயிறு. போன் வரவில்லை. பன்னிரண்டு மணி வரை பார்த்தேன், இரண்டு வரை பார்த்தேன். நாலு மணிக்குப் பொறுக்காமல் நானே போட்டேன். ஏழு முறை மணி அடித்த பிறகு குழந்தை எடுத்தது.

“யாரு?”

“அத்தை பேசறன் கண்ணு. அம்மா எங்க?”

குழந்தை போனை விட்டுத் தலையைத் திருப்பியது தெரிந்தது. “தாத்தா, யாரோ அத்தையாம்” என்றது. உடனே போன் கட்டாகிவிட்டது.

எந்தத் தாத்தா? வீட்டுக்காரக் கிழவராக இருக்கலாம். தலை நரைத்தவரையெல்லாம் நம் பிள்ளைகள் தாத்தா என்றுதான் கூப்பிடும். இல்லை, அவர்தானா? அவரேதான் என்றால் தனியாக வந்தாரா, மகனையும் கூட்டி வந்தாரா? வயசு கேட்டது பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சத்தானா? நேற்றிலிருந்து இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். உன் இழுப்பறையிலும் வேறு நம்பர் இல்லை. அவர்களைத் தேட என்னிடம் மிச்சம் இருப்பது இந்தப் பத்து எண்கள்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலையிலிருந்து பதினாறு முறை போட்டுவிட்டேன். மறுபடியும் போடுகிறேன்.