மாப்பிள்ளை ஊட்டிய பொங்கல்

மச்சான்,

மூடி வைத்து மறந்துபோன சர்க்கரைப் பொங்கல் பானையை இன்று காலை திறந்தேன். புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. உங்கள் பசு கறுப்பி கடைசியாகக் கழிந்த சாணியின் வாடை. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். சொல்லச் சொல்ல உங்கள் மகள் எழுதுகிறாள்.

எழுபதுகளின் கடைசி அது. கன்று போட்ட கறுப்பிக்கு வயிறு இடப்பக்கம் நழுவி, காற்றால் உப்பிக்கொண்டது. மலாய்க்கார மாட்டு டாக்டர் நம் ரப்பர் தோட்டத்துக்கே வந்து, அவளை நிற்கவைத்தபடியே விலாவைக் கிழித்து, வயிற்றைப் பழைய இடத்தில் வைத்துத் தைத்தார். நன்றாக அசைபோடும் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மட்டும், சோறோ தவிடோ கூடாது என்று சொல்லிப் போனார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். உங்கள் வீட்டு வழக்கப்படி முதல் கவளம் மாப்பிள்ளை கையால்தான். உங்கள் தங்கையைக் கட்டியவன், விடுவேனா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானையோடு வந்தேன். வரிசை வீடுகளை விட்டு லயமே கூடி நின்றது.

"மாப்ளே, இந்த வருசம் வேணாம்லா. தொட்டுக் கும்பிட்டாப் போதும்" என்றீர்கள், மெதுவாக.

"ஏன் மச்சான், என் கை என்ன விஷமா?"

யாரோ சிரித்தார்கள். நீங்கள் கயிற்றை விட்டு விலகிக்கொண்டீர்கள். கறுப்பி முகத்தைத் திருப்பினாள். வெல்லம் நாக்கில் பட்டதும் தின்றாள். ஒரு கவளத்தோடு நிறுத்தினேனா? பானையைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

விடிந்தபோது வயிறு முரசு மாதிரி இறுகிக் கிடந்தது. அசைபோடவே இல்லை. தண்ணீராய்க் கழிந்தாள். டாக்டர் வந்து குழாய் விட்டு சோடா மாவு கரைத்து ஊற்றினார். பிறகு எங்களைப் பார்த்து, "சியாப்பா பாகி நாசி?" என்று கத்தினார். சோறு கொடுத்தது யார்? லயத்துக்கே தெரியும்.

"சாயா, துவான்" என்றீர்கள். நான்தான், ஐயா.

அவர் திட்டத் திட்ட நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். சாயங்காலம் கறுப்பி செத்துப்போனாள். கன்று கத்திக்கொண்டே இருந்தது.

அன்றும் எனக்குக் காப்பி கொண்டுவந்தீர்கள். "குடிங்க மாப்ளே, ஆறிடும். பால்தான் இல்ல."

குத்திக்காட்டவில்லை நீங்கள். வீட்டில் இல்லாததை இல்லை என்றீர்கள், அவ்வளவுதான். அதுதான் இன்னும் சுடுகிறது.

அதிலிருந்து எனக்குப் பால் இல்லாத காப்பிதான். கேட்பவர்களிடம் பால் செரிக்காது என்பேன். உங்கள் மகளிடமும் இத்தனை வருடமாக அதையே சொல்லி வந்தேன். இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள்.

"இதையும் எழுதணுமா மாமா?"

"எழுதும்மா."